சிறு தோட்டாவும் பெரு விலங்கும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி எய்த அம்பு ஒன்று யானையைச் சாய்த்து, புலியின் உடலில் பாய்ந்து, மானை உருட்டி, பன்றியை வீழ்த்தி, கடைசியில் புற்றுக்குள் கிடந்த உடும்பிலே போய்த் தைத்தது என்று புறநானூற்றில் வன்பரணர் பாடுகிறார். பள்ளியில் இப்பாடலை நடத்திய தமிழாசிரியர், "இது உயர்வு நவிற்சி அணி" என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். நாங்களும் சிரித்துவிட்டு விட்டுவிட்டோம். இந்த ஆண்டு விசையியல் வகுப்பில் உந்தமும் இயக்க ஆற்றலும் படித்தபோது எனக்கு அந்த அம்பு மீண்டும் நினைவுக்கு வந்தது. மெலிந்த ஒரு பொருள் பெரிய உடலுக்குள் எவ்வளவு தூரம் செல்ல முடியும்? இதே கேள்வியின் மேல் வேட்டைக்காரர்கள் நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சண்டையிட்டு வந்திருக்கிறார்கள் என்பதை, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சில மாலைப் பொழுதுகளைக் கழித்த பிறகு அறிந்துகொண்டேன். அவர்களுடைய சண்டை அம்பைப் பற்றியதன்று. ஏழு மில்லிமீட்டர் தோட்டாவைப் பற்றியது.

வேட்டை ஒழிந்த நாட்டில் வேட்டைத் தோட்டாவைப் பற்றி என்ன கட்டுரை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். உண்மைதான். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991-இல் அதற்கு வந்த திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டையை இந்தியாவில் அடியோடு முடித்துவிட்டன. கிண்டியில் ரயில் ஜன்னல் வழியாக மானைப் பார்ப்பதோடு நம் வேட்டை சரி. ஆயினும் இந்தக் கேள்வி எங்கள் வீட்டில் இன்னும் தீராத கேள்வி. அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். நாம் பேச்சில் குண்டையே தோட்டா என்று சொல்லிவிடுகிறோம். பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் சிறு மூடி, உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு ஆகிய நான்கும் சேர்ந்ததே தோட்டா. 7×57 என்றால் குண்டின் பருமன் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர், பித்தளைக் கூட்டின் நீளம் 57 மில்லிமீட்டர் என்று பொருள். ஜெர்மனியின் மௌசர் தொழிற்சாலை 1892-இல் இதை உருவாக்கியது; மறு ஆண்டே ஸ்பெயின் நாட்டுப் படை இதை ஏற்றுக்கொண்டது. தென்னாப்பிரிக்கப் போரில் போயர்கள் இதைக் கொண்டே ஆங்கிலேயரைத் திணறடித்தார்கள். பிறகு லண்டன் ரிக்பி நிறுவனம் இதே தோட்டாவுக்கு அங்குலக் கணக்கில் .275 என்று பெயர் சூட்டி, வேட்டைத் துப்பாக்கி செய்து விற்றது. சரக்கு ஒன்று, பெயர் இரண்டு.

இத்தோட்டாவைச் சுடும் துப்பாக்கி போல்ட் ஆக்‌ஷன் வகை. நம் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளை நினைத்துக்கொண்டால் போதும். கைப்பிடியை மேலே தூக்கி, பின்னால் இழுத்தால் காலிக் கூடு வெளியே விழும்; முன்னால் தள்ளிக் கீழே அழுத்தினால் புதுத் தோட்டா உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். இதற்கு எதிர்வரிசையில் நின்றது பணக்கார வேட்டைக்காரரின் இரட்டைக்குழல் துப்பாக்கி. .470 போன்ற பெரிய தோட்டாவை அது சுடும். தாழ்ப்பாளை இழுக்கும் வேலையின்றி இரண்டாவது குண்டை உடனே அனுப்பும். விலையோ மிக அதிகம்.

.470 என்ற எண் பிரபலமானதற்குப் பின்னால் நம் நாட்டுக் கதை ஒன்று உண்டு. .450 அளவுள்ள தோட்டா படைத் துப்பாக்கிக்கும் பொருந்துவதால் கலகக்காரர் கைக்குப் போய்விடும் என்று அஞ்சி, 1907 வாக்கில் ஆங்கில அரசு அதை இந்தியாவுக்குள் வரவிடாமல் தடுத்தது. உடனே துப்பாக்கி வியாபாரிகள் .465 என்றும் .470 என்றும் புதிய அளவுகளை முன்னிறுத்தினார்கள். யானையின் பருமனைப் பார்த்துத் தோட்டாவின் அளவு தீர்மானமாயிற்று என்று நினைத்திருந்தேன். அரசாங்கத்தின் அச்சத்தைப் பார்த்தும் தீர்மானமாகியிருக்கிறது! படைக்குரிய தோட்டா, பொதுமக்களுக்குரிய தோட்டா என்ற பிரிவினை இன்றும் நம் ஆயுதச் சட்டத்தில் இருக்கிறது. வங்காளத்தின் ஈசாப்பூர் தொழிற்சாலை பொதுமக்களுக்கென்று .315 துப்பாக்கியைச் செய்ததும் இதனால்தான்.

இனி கணக்கு. 7 மி.மீ. தோட்டாவின் பழைய கனத்த குண்டு 11.2 கிராம் எடையுள்ளது. வினாடிக்கு ஏறத்தாழ 700 மீட்டர் வேகத்தில் கிளம்பும். இயக்க ஆற்றல் சுமார் 2,740 ஜூல். .470-இன் குண்டு 32.4 கிராம், வேகம் 655 மீட்டர், ஆற்றல் சுமார் 6,950 ஜூல். இரண்டரை மடங்கு. உந்தத்தில் பார்த்தாலும் 7.8-க்கு எதிரே 21.2. இதோடு கணக்கை நிறுத்தினால் விவாதத்துக்கே இடமில்லை. பெரியதே வென்றது என்று எழுதிவிடலாம். நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன்.

ஆனால் குண்டு யானையைத் தள்ளிவிடுவதில்லை, துளைத்துச் செல்கிறது. துளைக்கும் பொருளுக்கு வழியை மறிப்பது அதன் முகப்பின் பரப்பு. வழியைத் திறப்பது அதன் எடை. ஆகவே குறுக்குவெட்டுப் பரப்பில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம் என்று பார்க்க வேண்டும். 7 மி.மீ. தோட்டாவின் குண்டு உண்மையில் 7.2 மி.மீ. பருமன், பரப்பு 0.407 சதுர செ.மீ.; ஒரு சதுர செ.மீ.க்கு 27.5 கிராம் வருகிறது. .470-இன் குண்டு 12.06 மி.மீ. பருமன், பரப்பு 1.14, அங்கே வருவது 28.4 கிராம். நான் இதை மூன்று முறை போட்டுப் பார்த்தேன். இரண்டும் ஏறக்குறைய ஒன்றே! அந்தச் சிறு குண்டு மெலிந்திருந்தாலும் நீண்டிருக்கிறது. வழியில் வளையாமல், நசுங்காமல் நேரே போகுமானால், தன்னைப்போல் மூன்று மடங்கு கனமான குண்டு போகும் ஆழத்துக்கு அதுவும் போகும். ஓரியின் அம்பும் மெலிந்து நீண்டதுதானே! (ஐந்து விலங்குகள் என்பதை மட்டும் நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.)

இந்த உண்மையைத் தன் தொழிலாகவே செய்து காட்டியவர் டபிள்யூ. டி. எம். பெல் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். ஆப்பிரிக்காவில் தந்தத்துக்காக ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர். அவற்றில் மிகப் பலவற்றை இந்த 7 மி.மீ. தோட்டாவால், முழு உறையிட்ட கெட்டிக் குண்டால் சுட்டார். அந்தத் தொழிலை நான் இங்கே போற்ற வரவில்லை. ஆனால் அவர் யானையின் மண்டையோட்டை நெடுக்காக அறுத்து, மூளை எங்கே இருக்கிறது என்று பார்த்தறிந்தார் என்ற செய்தி என்னைச் சிந்திக்க வைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய், அங்குள்ள யானையின் எலும்புக்கூட்டின் முன் வெகுநேரம் நின்றேன். "நெற்றி எவ்வளவு அகலம்!" என்று அருகில் நின்ற சிறுவன் வியந்தான். அந்த அகலம் பெரும்பாலும் காற்றுதான். யானையின் மண்டையோடு உள்ளே தேன்கூடுபோல் அறை அறையாகக் காற்று நிறைந்தது. மூளையோ பின்புறத்தில், தாழ்வாக, ஓரிடத்தில் அடங்கிக் கிடக்கிறது. நெற்றி நடுவில் கொஞ்சம் உயர்த்திச் சுட்டவன் எவ்வளவு பெரிய தோட்டா வைத்திருந்தாலும் எலும்பையும் காற்றையும்தான் சுட்டிருப்பான். எலும்புக்கூட்டின் பக்கவாட்டில் நின்று, முன்னால் நின்று, கொஞ்சம் குனிந்து என்று பார்த்தேன். நான் ஓரடி நகர்ந்ததும் மூளை இருக்கும் இடமும் என் கண்ணுக்கு நகர்ந்துவிடுகிறது. அசையாத எலும்புக்கூட்டிலேயே எனக்கு இந்தக் கதி. காவலர் என்னைச் சந்தேகமாகப் பார்த்ததால் கிளம்பிவிட்டேன்.

குறியைப் பற்றிப் பேசும்போது உதையைப் பற்றியும் பேச வேண்டும். நியூட்டனின் மூன்றாம் விதி வேட்டைக்காரரின் தோளில்தான் எழுதப்பட்டிருக்கிறது. மருந்தின் வாயுவைச் சேர்க்காமல் போட்டாலே, 3.3 கிலோ எடையுள்ள 7 மி.மீ. துப்பாக்கி சுமார் 9 ஜூல் ஆற்றலோடு பின்னால் உதைக்கும். 5 கிலோ எடையுள்ள.470 துப்பாக்கி 45 ஜூல். ஐந்து மடங்கு! என் அனுபவம் மிகச் சிறியது. என்.சி.சி. முகாமில் .22 துப்பாக்கியால் ஐந்து தோட்டாக்கள் சுட்டிருக்கிறேன். அதில் உதையே கிடையாது எனலாம். அப்படியிருந்தும் பக்கத்தில் படுத்திருந்தவன் சுட்ட சத்தத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். என் ஐந்து துளைகளும் அட்டையில் ஐந்து ஊர்களில் இருந்தன. "டிரிக்கரை இழுக்காதே தம்பி, அமுக்கு. வெடிக்கறது உனக்கே தெரியக்கூடாது" என்றார் ஹவில்தார் ஐயா. வெடிக்கப்போவதை எதிர்பார்த்து உடல் முன்கூட்டியே சுருங்குவதுதான் குறி தவறுவதற்கு முதல் காரணம் என்று விளக்கினார். சிறு தோட்டாவின் பெரிய நன்மை இதுவே. சுடுபவனை அது அச்சுறுத்துவதில்லை.

ஜிம் கார்பெட்டின் வாழ்க்கையில் இதன் மற்றொரு பக்கம் தெரிகிறது. 1907-இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை வீழ்த்தியதற்காக ஐக்கிய மாகாண ஆளுநர் சர் ஜான் ஹூவெட் அவருக்கு அளித்த பரிசு ஒரு .275 ரிக்பி. 1930-இல் சௌகர் புலியைத் தேடிப் போனபோது அவர் கையில் இருந்தது இலேசான துப்பாக்கி; இடக்கையில், வழியில் எடுத்த இரு பறவை முட்டைகள். பாறையைச் சுற்றித் திரும்பியதும் சில அடி தொலைவில் புலி படுத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரே கையால் துப்பாக்கியை மெல்ல மெல்லச் சுழற்றிக் கொண்டுவந்து சுட்டார். முட்டைகளும் இலேசான துப்பாக்கியும் தனக்குக் கேடாகத் தோன்றினாலும், தன்னைக் காத்தவை அவைதாம் என்று பின்னால் அவரே எழுதியிருக்கிறார். கனமான இரட்டைக்குழலை ஒரு கையால் அப்படித் திருப்பியிருக்க முடியாது. கார்பெட்டிடம் .450/400 என்ற கனத்த துப்பாக்கியும் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எதை எப்போது எடுப்பது என்று தெரிந்த மனிதர் அவர்.

அதே சம்பாவத் புலியின் கதையில்தான் இக்கட்டுரையின் மறுபாதி இருக்கிறது. நேபாளத்திலும் குமாவூனிலும் அது கொன்றதாகப் பதிவான மக்கள் 436 பேர். செத்த பிறகு கார்பெட் அதன் வாயைத் திறந்து பார்த்தார். வலப்புறத்து மேல் கோரைப்பல் பாதியாகவும், கீழ்க் கோரைப்பல் எலும்பு வரையிலும் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் காயம். யாரோ எப்போதோ சுட்டிருக்கிறார், குண்டு பல்லில் பட்டிருக்கிறது, புலி போய்விட்டது. மானைப் பிடிக்க முடியாத அந்த வாய், புல்லறுக்கவும் விறகு பொறுக்கவும் போன பெண்களைத் தேடி வந்தது. சுட்டவர் வீட்டுக்குப் போய் நன்றாக உறங்கியிருப்பார்.

முயலைக் கொன்ற அம்பைவிட யானைக்குக் குறிவைத்துத் தவறிய வேலே ஏந்துவதற்கு இனிது என்கிறார் வள்ளுவர். படைச்செருக்கு என்ற அதிகாரத்தில் அது பொருத்தமே. போர்க்களத்தில் தவறிய யானை திரும்பினால் வேல் எறிந்த வீரன்மேல்தான் பாயும். காட்டிலோ தவறிய யானை பாய்வது வேறொருவர்மேல்.

அந்த வேறொருவர் என் தாத்தா.

தேன்கனிக்கோட்டைக்குத் தெற்கே, அஞ்செட்டி மலைப்பக்கம் எங்கள் பூர்வீகம். கென்னத் ஆண்டர்சன் தம் வேட்டை நூல்களில் எழுதிய சவளகிரிக் காடுகள் அங்கிருந்து வெகு தூரமில்லை. 1963-இல், அது சேலம் மாவட்டமாக இருந்த காலத்தில், தாத்தா வேட்டைக்கு வரும் பெரிய மனிதர்களுக்குக் காடு கலைக்கும் வேலைக்குப் போவார். தகரத்தைத் தட்டிக்கொண்டு வரிசையாக நடந்து விலங்கைப் பரண் பக்கம் விரட்ட வேண்டும். நாள் கூலி ஒன்றரை ரூபாய். அன்று வந்தவர் யார் என்பது இங்கே வேண்டாம். அவரிடம் அழகான, இலேசான துப்பாக்கி ஒன்று இருந்ததாம். "தாழ்ப்பா போட்ட துப்பாக்கி. குண்டு சுண்டுவிரல் தடிமன்கூட இல்ல. நுனியில ஈயம் வெள்ளையா தெரியும்" என்று தாத்தா இன்றும் சொல்வார்.

ஒரு காட்டெருமைக் கடா, பரணுக்கு நேரே வராமல் சாய்வாக வெளிப்பட்டது. அவர் சுட்டார். தோளில் பட்டது, கடா விழவில்லை. திரும்பி, வந்த வழியே, காடு கலைத்தவர்களின் வரிசைக்குள் பாய்ந்தது. தாத்தா வேங்கை மரத்தின் பின்னே ஒதுங்குவதற்குள் கொம்பு தொடையில் ஏறிவிட்டது. கயிற்றுக் கட்டிலில் போட்டுத் தூக்கி வந்தார்கள். கால் தங்கியது; நடை போயிற்று. மலையில் ஏர் பிடிக்க முடியாமல், இரண்டு ஆண்டு கழித்துப் பாட்டியோடு சென்னைக்கு வந்து, தி. நகரில் ஒரு கடையில் இரவுக் காவலாளியாக உட்கார்ந்தார். அப்பா மந்தைவெளியில் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறார். நான் நந்தனம் வழியாகக் கோட்டூர்புரம் பாலத்தைக் கடந்து நூலகத்துக்குப் போகிறேன்.

அந்தக் குண்டு ஏன் போதவில்லை என்பதுதான் நான் தேடிய விடை. நுனியில் ஈயம் தெரிந்தது என்றால் அது மென்முனைக் குண்டு. உடலில் பட்டதும் காளான்போல் விரியும்படி செய்தது. 140 கிரெயின், அதாவது 9 கிராம் எடையுள்ள குண்டு என்று வைத்துக்கொண்டால், புறப்படும்போது சதுர செ.மீ.க்கு 22 கிராம். பட்டதும் பருமன் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகும். 22 கிராம் ஐந்தரை கிராமாக இறங்கிவிடும். மானுக்கு இது நன்று. மெல்லிய உடலில் ஆற்றல் முழுவதையும் இறக்கி உடனே வீழ்த்தும். 800 கிலோவுக்கு மேல் வளரும் காட்டெருமையின் தோளில், அதுவும் சாய்வாக, எலும்பையும் தசையையும் கடந்து இதயத்தை எட்டுவதற்குள் குண்டு நின்றுவிடும். பெல் சுட்டதும் ஏழு மில்லிமீட்டர், இவர் சுட்டதும் ஏழு மில்லிமீட்டராக இருக்கலாம். கெட்டிக் குண்டு வேறு, மென்குண்டு வேறு. விலங்கின் உள்ளுறுப்பை அறிந்த கண் வேறு, அறியாத கண் வேறு.

ஆகவே சிறு தோட்டா போதுமா என்ற பழைய சண்டையில் என் தீர்ப்பு இரண்டு பக்கத்தாருக்கும் பிடிக்காது. கணக்கின்படி போதும். கெட்டிக் குண்டு, சரியான கோணம், நடுங்காத கை மூன்றும் இருந்தால் யானைக்கும் போதும் என்று பெல் காட்டிவிட்டார். ஆனால் துப்பாக்கி வாங்கும் நூறு பேரில் எத்தனை பேர் மண்டையோட்டை அறுத்துப் பார்ப்பார்கள்? வேட்டை இன்றும் அனுமதிக்கப்படும் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில், யானைக்கும் காட்டெருமைக்கும் .375 அளவிலோ அதை ஒட்டியோ ஒரு கீழ்வரம்பைச் சட்டம் வைத்திருக்கிறது. அச்சட்டம் பெல்லுக்காக எழுதப்பட்டதன்று. குறி ஓரங்குலம் தவறும் சாதாரண மனிதனுக்காகவும், அவனுக்கு முன்னால் தகரம் தட்டிக்கொண்டு நடப்பவனுக்காகவும் எழுதப்பட்டது. நான் அச்சட்டத்தின் பக்கம்தான்.

இதையெல்லாம் எழுதி முடித்துத் தாத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். அவருக்கு எண்பது வயதுக்கு மேல் ஆகிறது. சதுர சென்டிமீட்டர் வந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். உறங்கிவிட்டார் என்று நினைத்தேன். கடைசியில், "எல்லாம் சரி கண்ணு. சுட்டவன் ரெண்டாவது குண்டு போட்டிருக்கலாம் இல்ல? அடிபட்டதுக்குப் பின்னால போகாம ஜீப்புல ஏறி உக்காந்துட்டானே. அது உன் கணக்குல வருதா?" என்றார்.

நான் பேச்சை மாற்றி, மசினகுடிப் புலியைப் பற்றிச் சொன்னேன். 2014 ஜனவரியில் தொட்டபெட்டா பக்கம் மூவரைக் கொன்ற புலியைச் சுட்டுத்தான் கொன்றார்கள். 2021-இல் டி-23 என்ற புலி கூடலூர், மசினகுடிப் பகுதியில் நான்கு பேரைக் கொன்றபோது, சென்னை உயர் நீதிமன்றம் அதைக் கொல்லாமல் பிடிக்க முயலும்படி சொன்னது. வனத்துறையினர் மூன்று வாரம் காட்டில் அலைந்து, அக்டோபர் 15-ஆம் நாள் மயக்க ஊசி செலுத்தி உயிரோடு பிடித்து மைசூருக்கு அனுப்பினார்கள். அந்த ஊசியின் இயற்பியல் முற்றிலும் தலைகீழானது. அது துளைத்துச் செல்லக் கூடாது. தோலைத் தாண்டித் தசையில் நின்று மருந்தை இறக்க வேண்டும். ஆகவே குண்டின் வேகத்தில் ஒரு சிறு பங்குதான் அதற்கு வைக்கலாம். மருந்தின் அளவை விலங்கின் எடையைப் பார்த்து முன்கூட்டியே கணிக்க வேண்டும். குறைந்தால் புலி எழுந்துவிடும், மிகுந்தால் எழாமலே போய்விடும்.

தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவ்வளவு மெதுவா போனா எத்தனை தூரம் போகும்?"

"சில பத்து மீட்டர்தான் தாத்தா. அதற்குமேல் நம்ப முடியாது."

"அப்ப சுடறவன் கிட்டப் போய்த்தான் ஆகணும்" என்றார். பிறகு காலை நீட்டி, எண்ணெய்ப் புட்டியை எடுத்துத் தரச் சொன்னார்.